கல் கூரை தள்ளும், கனத்த சுவர் தாங்கும்: ரோமானெஸ்க் கட்டடங்களின் அறிவியல்

மாணவர்களே, ஐரோப்பாவில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட தேவாலயம் ஒன்றின் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சுவர் மலைபோல் கனத்திருக்கும். அதில் சன்னல்கள் சிறியவையாக, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும். சன்னலின் மேற்பகுதி அரைவட்டமாக வளைந்திருக்கும். வாசலும் அரைவட்டம்தான். உள்ளே தூண்களை இணைப்பதும் அரைவட்டம்தான். கோடைக்காலத்தில்கூட உள்ளே குகைபோல இருட்டும் குளிர்ச்சியும் இருக்கும். இந்தக் கட்டடப் பாணிக்கு ரோமானெஸ்க் என்று பெயர். கி.பி. 1000 முதல் 1150 வரையிலான காலத்தில் மேற்கு ஐரோப்பா முழுவதும் இது பரவியிருந்தது. சில வட்டாரங்களில் 1200 வரையும் நீடித்தது.

எதிரிகளுக்குப் பயந்துதான் சுவரை இவ்வளவு தடிமனாகக் கட்டினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். சில ஊர்களில் அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் போர் எட்டாத ஊர்களிலும் சுவர்கள் இப்படித்தான் இருக்கின்றன. அப்படியானால் முக்கியக் காரணம் என்ன? அதைத் தெரிந்துகொள்ள சுவரைப் பார்த்தால் போதாது. தலையை உயர்த்திக் கூரையைப் பார்க்க வேண்டும்.

பெயர் வந்த விதம்

இந்தக் கட்டடங்களைக் கட்டியவர்களுக்கு ரோமானெஸ்க் என்ற சொல்லே தெரியாது. 1818ஆம் ஆண்டில் சார்ல்ஸ் டி ஜெர்வில் என்ற பிரெஞ்சு அறிஞர்தான் இந்தப் பாணிக்கு இப்பெயரின் பிரெஞ்சு வடிவத்தைச் சூட்டினார். லத்தீன் மொழி காலப்போக்கில் மாறிப் பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம் ஆகிய மொழிகளாகப் பிரிந்தது அல்லவா? அதேபோல ரோமானியரின் கட்டடக்கலை மாறி இந்தப் பாணி பிறந்தது என்று அவர் கருதினார். இங்கிலாந்தில் இதனை நார்மன் பாணி என்றும் அழைப்பார்கள். 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியர்கள் அங்கே பெரிய பேராலயங்களை இந்த முறையில் கட்டியதே அதற்குக் காரணம்.

ரோமானியரிடமிருந்து வந்தவை எவை? அரைவட்ட வளைவு வந்தது. அந்த வளைவை நீட்டினால் கிடைக்கும் வளைகூரையும் வந்தது. ஆனால் ஒரு முக்கியமான பொருள் வரவில்லை. ரோமானியர்கள் சுண்ணாம்புடன் எரிமலைச் சாம்பலைக் கலந்து உறுதியான கான்கிரீட் செய்தார்கள். ரோம் நகரிலுள்ள பாந்தியன் என்ற கோயிலின் குவிமாடம் அந்தக் கான்கிரீட்டால் ஆனது. அதன் விட்டம் சுமார் 43 மீட்டர். ஏறக்குறைய 1,900 ஆண்டுகளாக அது நிற்கிறது.

476இல் மேற்கு ரோமப் பேரரசு வீழ்ந்தது. அதன்பின் அவ்வளவு பெரிய கான்கிரீட் வேலைகளைச் செய்யப் பணமும் இல்லை, ஆட்களும் இல்லை, பழக்கமும் விட்டுப்போயிற்று. 800ஆம் ஆண்டு முடிசூடிய பேரரசர் சார்லமேன், ரோமின் பெருமையை மீட்க விரும்பி ஆகன் நகரில் எட்டுப் பக்கங்கள் கொண்ட ஆலயம் ஒன்றைக் கட்டினார். அது இன்றும் இருக்கிறது. ஆனாலும் அவருக்குப் பிறகு சுமார் இருநூறு ஆண்டுகள் வரை பெரும்பாலான தேவாலயங்களின் நடுக்கூடத்துக்கு மரக் கூரைதான் போட்டார்கள்.

மரக் கூரையும் தீயும்

மரக் கூரை இலேசானது. விரைவில் கட்டிவிடலாம். சுவருக்கும் அதனால் பெரிய சுமை இல்லை. ஆனால் எரிந்துவிடும். இடி விழுந்தாலும் எரியும்; மெழுகுவர்த்தி சாய்ந்தாலும் எரியும்; பக்கத்து வீட்டில் தீப்பிடித்தாலும் எரியும்.

இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்தில் நடந்ததைப் பாருங்கள். 1174 செப்டம்பர் 5ஆம் தேதி அருகிலிருந்த சில சிறு வீடுகள் தீப்பற்றின. பலத்த காற்று தீப்பொறிகளைப் பேராலயத்தின் கூரைக்குக் கொண்டு சென்றது. கூரையின் வெளிப்புறம் ஈயத் தகடு. உட்புறம் வண்ணம் தீட்டிய மரப்பலகை. இரண்டுக்கும் நடுவே புகுந்த பொறிகள் யாருக்கும் தெரியாமல் கனன்றன. கீழிருந்தவர்கள் கவனித்தபோது காலம் கடந்துவிட்டது. எரிந்த மரங்கள் கீழே விழ, அங்கிருந்த இருக்கைகளும் எரிந்தன. சில மணி நேரத்தில் பேராலயத்தின் கிழக்குப் பகுதி பாழானது.

இப்படிப்பட்ட தீ விபத்துகள் ஐரோப்பாவில் அடிக்கடி நடந்தன. பிரான்சிலுள்ள வேசலே மடாலயத்தில் 1120இல் ஏற்பட்ட தீயில் பலர் உயிரிழந்தனர். ஆகவே, எரியாத கூரை வேண்டும் என்ற எண்ணம் கட்டுநர்களிடம் வலுத்தது. எரியாத பொருள் கல். கல் கூரைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. துறவிகள் பாடும் பாட்டைக் கல் எதிரொலித்து முழங்கச் செய்யும்.

அப்படியானால் மரத்தை எடுத்துவிட்டுக் கல்லைப் போட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

வளைவு எப்படி நிற்கிறது?

நீளமான கல் பலகை ஒன்றை இரு சுவர்களின் மேல் பாலம்போல வைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். தன் எடையால் அது நடுவில் சற்றே வளைய முயலும். அப்போது பலகையின் மேற்புறம் அமுக்கப்படும், கீழ்ப்புறம் இழுக்கப்படும். கல் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசையைத் தாங்காது. அதன் இழுவலிமை, அமுக்கத்தைத் தாங்கும் வலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். பல கற்களில் அதைவிடவும் குறைவு. எனவே பலகை நீளமாக இருந்தால் கீழ்ப்புறத்தில் விரிசல் விட்டு உடையும். இன்று நாம் வாழும் அடுக்குமாடி வீடுகளில் கான்கிரீட்டுக்குள் எஃகுக் கம்பி வைப்பது இதனால்தான். இழுவிசையை அந்தக் கம்பி ஏற்றுக்கொள்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த வசதி இல்லை.

வளைவு இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. ஆப்பு வடிவத்தில் செதுக்கிய கற்களை அரைவட்டமாக அடுக்கினால், ஒவ்வொரு கல்லும் விழப் பார்க்கும். ஆனால் விழ முடியாது. ஏனென்றால் கீழ்நோக்கி நகரும்போது அது இருபக்கக் கற்களின் இடையே இறுகிக்கொள்ளும். எல்லாக் கற்களும் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டு நிற்கும். இழுவிசைக்கு வேலையே இல்லை. உச்சியிலுள்ள முடிக்கல்லை வைத்து முடிக்கும்வரை வளைவு தானாக நிற்காது. அதனால் முதலில் மரத்தால் ஒரு தாங்கல் செய்து, அதன்மேல் கற்களை அடுக்குவார்கள். முடிக்கல் வைத்தபின் மரத்தை எடுத்துவிடுவார்கள்.

ஒரு வளைவை அப்படியே பின்னோக்கி நீட்டுங்கள். சுரங்கப்பாதைபோல, பாதியாக அறுத்த பீப்பாய்போல ஒரு கூரை கிடைக்கும். இதைப் பீப்பாய் வளைகூரை என்பார்கள். ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியா வட்டாரத்தில் கார்டோனா என்ற ஊரிலுள்ள தேவாலயம் 1040இல் திறக்கப்பட்டது. அதன் நடுக்கூடத்தின் மேல் இப்படிப்பட்ட கல் கூரையை இன்றும் காணலாம். தொடக்ககால ரோமானெஸ்க் கட்டடங்களில் அது குறிப்பிடத்தக்கது.

ஆனால், கற்கள் ஒன்றையொன்று அமுக்குகின்றன என்றோமே, அந்த அமுக்கம் எங்கே போய் முடிகிறது? வளைவின் இரு கால்களிலும் முடிகிறது. அங்கே அது நேராகக் கீழே இறங்குவதில்லை. சரிவாக இறங்குகிறது. சரிவான விசையை நாம் இரண்டாகப் பிரிக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பகுதி கீழ்நோக்கிச் செல்லும். மற்றொரு பகுதி பக்கவாட்டில், அதாவது வெளிப்புறமாகச் சுவரைத் தள்ளும். கல் கூரை தன்னைத் தாங்கும் சுவர்களையே இருபுறமும் விலக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. பகலும் இரவும், நூற்றாண்டுக் கணக்கில் இந்தத் தள்ளல் ஓய்வதில்லை.

ஒரு சிறு கணக்கு

எடை சீராகப் பரவியுள்ள ஒரு வளைவின் பக்கத் தள்ளலைத் தோராயமாக இப்படிக் கணக்கிடலாம்:

பக்கத் தள்ளல் = மொத்த எடை × அகலம் ÷ (8 × உயரம்)

அகலம் 10 மீட்டர், மொத்த எடை 20 டன் என்று வைத்துக்கொள்வோம். அரைவட்ட வளைவின் உயரம் அகலத்தில் பாதி, அதாவது 5 மீட்டர். கணக்கிட்டால் 20 × 10 ÷ 40 = 5. ஒவ்வொரு பக்கத்திலும் 5 டன் எடைக்குச் சமமான விசை சுவரை வெளியே தள்ளும். அதே எடையுள்ள வளைவு தட்டையாகி உயரம் 2.5 மீட்டராகக் குறைந்தால் தள்ளல் 10 டன்னாக உயரும். உயரம் 7.5 மீட்டரானால் தள்ளல் சுமார் 3.3 டன்னாகக் குறையும். வளைவு உயர உயரத் தள்ளல் குறையும். தட்டையாகத் தட்டையாகத் தள்ளல் கூடும். இந்த விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது மீண்டும் வரும்.

சுவர் ஏன் கனமாக இருக்க வேண்டும்?

தள்ளப்படும் சுவர் தன் வெளிப்புற அடி விளிம்பைச் சுழல்புள்ளியாகக் கொண்டு கவிழப் பார்க்கும். அதைத் தடுப்பது சுவரின் சொந்த எடை. எடை செயல்படும் இடம் சுவரின் நடுப்பகுதி. அங்கிருந்து வெளி விளிம்புவரை உள்ள தூரம், தடிமனில் பாதி.

இப்போது தடிமனை இரண்டு மடங்காக்கினால் என்ன ஆகும்? எடை இரண்டு மடங்காகும். அந்தத் தூரமும் இரண்டு மடங்காகும். இரண்டையும் பெருக்கினால், கவிழாமல் நிற்கும் திறன் நான்கு மடங்காகிறது. ரோமானெஸ்க் கட்டுநர்களிடம் இந்தச் சூத்திரம் எழுத்தில் இல்லை. விசையைக் கணக்கிடும் இயற்பியல் பல நூற்றாண்டுகளுக்குப் பின்தான் வளர்ந்தது. ஆனால் தடித்த சுவர் நிற்கும், மெலிந்த சுவர் சாயும் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள்.

மற்ற அடையாளங்கள் எல்லாம் இந்தத் தடிமனிலிருந்தே பிறக்கின்றன.

சன்னல்: பீப்பாய் வளைகூரை சுவரின் முழு நீளத்தையும் தள்ளுகிறது. எங்கே பெரிய சன்னல் திறந்தாலும் அங்கே எடை குறைந்து சுவர் பலவீனமாகும். அதனால் சன்னல்கள் சிறியவை. கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் பரப்புவதற்காக, சன்னல் துளையை உட்புறம் நோக்கி அகலமாகும்படி சரிவாக வெட்டினார்கள்.

வாசல்: சுவர் தடிமனாக இருப்பதால் வாசல் ஒரு சுரங்கம்போல ஆழமாகிவிடும். எனவே ஒன்றுக்குள் ஒன்றாக, படிப்படியாகச் சிறுத்துச் செல்லும் பல வளைவுகளால் வாசலை அமைத்தார்கள். ஒரு வளைவு நின்றபின் அதுவே அடுத்த வளைவுக்கு ஆதாரமாகும் என்பதால் மரத் தாங்கலும் இலேசானதாக இருந்தால் போதும். இந்த வளைவுகளுக்கும் கதவுக்கும் இடையிலுள்ள அரைவட்டக் கல்லில் விவிலியக் காட்சிகளைச் செதுக்கினார்கள். படிக்கத் தெரியாத மக்களுக்கு அது பாடப்படமாக விளங்கியது.

முட்டுச்சுவர்: தள்ளல் அதிகமுள்ள இடங்களில் சுவரின் வெளிப்புறம் பட்டையாக ஒரு கூடுதல் கனம் சேர்த்தார்கள். ரோமானெஸ்க் முட்டுச்சுவர்கள் பெரும்பாலும் தட்டையானவை. தொலைவிலிருந்து பார்த்தால் சுவரில் ஒட்டிய நாடாபோலத் தெரியும்.

சுவருக்குள் என்ன இருக்கிறது?

இரண்டு மீட்டர் தடிமனுள்ள சுவர் முழுவதும் செதுக்கிய கல் என்று நினைத்துவிடாதீர்கள். கல்லைச் செதுக்க அதிக நேரமும் கூலியும் ஆகும். வெளிப்பக்கம் ஒரு வரிசை, உட்பக்கம் ஒரு வரிசை என இரு தோல்களை மட்டும் ஒழுங்கான கல்லால் கட்டி, நடுவில் உடைகற்களையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொட்டி நிரப்பினார்கள்.

இங்கே வேதியியலும் வருகிறது. நீற்றிய சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக மாறும்போதுதான் இறுகுகிறது. மெல்லிய பூச்சு விரைவில் இறுகும். தடித்த சுவரின் நடுப்பகுதிக்குக் காற்று எளிதில் எட்டாது. அங்கே சாந்து இறுக ஆண்டுகள் பல ஆகும். அதற்குள் அவசரப்பட்டுக் கூரையை ஏற்றினால் சுவர் அசைந்து கொடுக்கும். பனிக்காலத்தில் ஈரச் சாந்திலுள்ள நீர் உறைந்து விரிந்துவிடும் என்பதால் வேலையையும் நிறுத்திவிடுவார்கள். ஒரு பேராலயத்தைக் கட்டி முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆனதற்கு இவையும் காரணங்கள்.

தள்ளலுக்கு எதிராகச் சில உத்திகள்

சுவரைத் தடிப்பாக்குவது மட்டுமே வழியல்ல என்பதைக் கட்டுநர்கள் மெல்லக் கற்றார்கள்.

பிரான்சின் துலூஸ் நகரிலுள்ள செயின்ட் செர்னின் தேவாலயம், ஸ்பெயினின் சந்தியாகோ நகருக்குச் செல்லும் யாத்திரை வழியில் இருக்கிறது. அங்கே நடுக்கூடத்தின் இருபுறமும் பக்கக் கூடங்கள் உள்ளன. அவற்றின் மேல்மாடத்துக்குக் கால்வட்ட வடிவில் கூரை போட்டார்கள். கீழே விழும் ஒருவரைப் பக்கத்தில் நிற்பவர் தோள் கொடுத்துத் தாங்குவதுபோல, இந்தக் கால்வட்டக் கூரை நடுக்கூரையின் தள்ளலை ஏற்று வெளிச்சுவருக்குக் கடத்துகிறது. ஆனால் மாடம் அவ்வளவு உயரம் வரை வந்துவிட்டதால் நடுக்கூடத்தின் மேற்பகுதியில் சன்னலுக்கு இடமில்லை.

துர்னூஸ் என்ற சிறிய பிரெஞ்சு ஊரிலுள்ள செயின்ட் ஃபிலிபெர்ட் தேவாலயத்தில் ஒருவர் வேறு விதமாகச் சிந்தித்திருக்கிறார். பீப்பாய்க் கூரையை நீளவாக்கில் போடாமல், சிறு சிறு பீப்பாய்களாகப் பிரித்துக் குறுக்குவாக்கில் வரிசையாக வைத்தார். ஒரு பீப்பாய் அடுத்த பீப்பாயைத் தள்ளும். அது இதைத் தள்ளும். இரண்டும் சமமாகிவிடும். பக்கச் சுவருக்கு வரும் தள்ளல் மிகவும் குறைந்துவிடுகிறது. ஆகவே அங்கே மேலே சன்னல் வைக்க முடிந்தது. அறிவான தீர்வு. ஆனாலும் அதிகம் பேர் பின்பற்றவில்லை. வாசலிலிருந்து பார்ப்பவருக்குக் கூரை துண்டு துண்டாகத் தெரிந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது வழி, இரண்டு பீப்பாய்க் கூரைகளை ஒன்றையொன்று வெட்டும்படி வைப்பது. இதைக் குறுக்கு வளைகூரை என்று சொல்லலாம். ரோமானியர்களும் இதை அறிந்திருந்தார்கள். இதில் எடையும் தள்ளலும் சுவரின் முழு நீளத்துக்கும் பரவாமல் நான்கு மூலைகளுக்குச் செல்கின்றன. மூலைகளை மட்டும் பலப்படுத்தினால் போதும். இடையிலுள்ள சுவரில் சன்னல் திறக்கலாம். ஜெர்மனியின் ஸ்பேயர் பேராலயத்தை 1030 வாக்கில் பேரரசர் இரண்டாம் கான்ராட் தொடங்கினார். முதலில் நடுக்கூடத்துக்கு மரக் கூரைதான். அவருடைய பேரன் நான்காம் ஹென்றியின் காலத்தில் மரத்தை அகற்றி, ஏறக்குறைய 33 மீட்டர் உயரத்தில் குறுக்கு வளைகூரை அமைத்தார்கள். புதிய சுமையைத் தாங்குவதற்காக ஒன்றுவிட்டு ஒன்றாகத் தூண்களைத் தடிப்பாக்கினார்கள். அந்த வேறுபாடு இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு தடித்த தூண், ஒரு மெல்லிய தூண் என மாறி மாறி நிற்கும்.

தாங்காமல் போனவை

எல்லா முயற்சியும் வெற்றி பெறவில்லை. பிரான்சின் குளூனி மடாலயம் 1088இல் தன் மூன்றாவது தேவாலயத்தைக் கட்டத் தொடங்கியது. முடிந்தபோது அதன் நீளம் ஏறக்குறைய 187 மீட்டர். காற்பந்துத் திடல் ஒன்றரையை விட நீளம்! நடுக்கூரை சுமார் 30 மீட்டர் உயரத்தில் இருந்தது. 1125இல் அந்தக் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. உயரமும் தள்ளலும் சேர்ந்தால் சுவர் எவ்வளவு தாங்கும் என்பதை அந்தக் கட்டுநர்கள் இப்படித்தான் அறிந்துகொண்டார்கள். பிறகு பழுதுபார்த்து 1130இல் திறந்தார்கள். இன்று அதில் சிறு பகுதியே மிஞ்சியுள்ளது. ஆனால் அதை அழித்தது இயற்பியல் அல்ல. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் கல்லுக்காக அதை இடித்து விற்றுவிட்டார்கள்.

வேசலேயில் 1120 தீக்குப் பின் கட்டிய நடுக்கூடம் வேறு விதமாகப் பாதிக்கப்பட்டது. வெளிர் நிறக் கல்லும் கருநிறக் கல்லும் மாறி மாறி அமைந்த அழகான வளைவுகள் அங்கே உள்ளன. காலப்போக்கில் சுவர்கள் வெளிப்புறமாகச் சாய்ந்தன. சுவர் விலகியதும் வளைவுகள் தட்டையாயின. தட்டையானால் என்ன ஆகும்? நம் கணக்கை நினைவுகூருங்கள்: தள்ளல் கூடும். கூடிய தள்ளல் சுவரை மேலும் விலக்கும். இது ஒரு நச்சுச் சுழல். பிற்காலத்தில் வெளிப்புறம் முட்டுகள் கொடுத்தும் கட்டடம் ஆபத்தான நிலைக்கு வந்தது. 1840இல் அதைக் காப்பாற்றும் பொறுப்பை வியோலே லெ தூக் என்ற இளம் கட்டடக் கலைஞரிடம் ஒப்படைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 26. பழுதான கூரைகளில் சிலவற்றைத் திரும்பக் கட்டி, முட்டுகளைப் புதுப்பித்து அவர் அதை நிலைநிறுத்தினார்.

டர்ஹாமில் கிடைத்த விடை

இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயம் 1093இல் தொடங்கி 1133இல் முடிந்தது. அதன் நடுக்கூடத்தின் உருண்டைத் தூண்களின் சுற்றளவு சுமார் 6.6 மீட்டர். பார்த்தவுடன் இது ரோமானெஸ்க் என்று சொல்லிவிடலாம். ஆனால் மேலே பார்த்தால் புதுமை காத்திருக்கிறது.

முதலில் குறுக்கும் நெடுக்குமாக விலா எலும்புகள்போலக் கல் வளைவுகளை அமைத்து, அவற்றின் இடைவெளியைக் கற்களால் மூடியிருக்கிறார்கள். இது விலா வளைகூரை. நடுக்கூடத்தைக் குறுக்காகத் தாண்டும் வளைவுகளோ அரைவட்டமாக இல்லாமல் உச்சியில் கூர்மையாக உள்ளன. கூர்வளைவு, அதே அகலத்துக்கு அரைவட்டத்தை விட உயரமாக எழும்ப முடியும். உயரம் கூடினால் தள்ளல் குறையும். இன்னொன்றும் இருக்கிறது. பக்கக் கூடங்களின் கூரைக்கு அடியில், வெளியே தெரியாதபடி, கால்வட்டக் கல் முட்டுகளை மறைத்து வைத்திருக்கிறார்கள்.

விலா, கூர்வளைவு, வெளி முட்டு ஆகிய மூன்றும் சேர்ந்ததும் ஒரு புதிய வாய்ப்பு திறந்தது. கூரையின் சுமையைச் சில தூண்களும் முட்டுகளும் ஏற்றுக்கொண்டால், சுவருக்குச் சுமக்கும் வேலை இல்லை. சுவரை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைக்கலாம். பாரிஸுக்கு அருகிலுள்ள செயின்ட் டெனி மடாலயத்தின் கிழக்குப் பகுதி 1144இல் அப்படித் திறக்கப்பட்டது. அது கோதிக் பாணியின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. மறைந்திருந்த முட்டுகள் பிறகு கூரைக்கு வெளியே வந்து, பறப்பவைபோல எழுந்து நின்றன. கேன்டர்பரியில் எரிந்த பகுதியையும் இந்தப் புதிய முறையில்தான் திரும்பக் கட்டினார்கள். சாரத்திலிருந்து விழுந்து படுகாயமடைந்த அதன் தலைமைக் கட்டுநர், சென்ஸ் ஊர் வில்லியம், வேலையை வேறொருவரிடம் விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அந்தக் காலக் கட்டுமானத் தொழிலின் ஆபத்தை இது நமக்கு உணர்த்துகிறது.

பழைய கல், இன்றைய பாடம்

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. இத்தாலியின் பாவியா நகரில் பேராலயத்தை ஒட்டி ஒரு கோபுரம் இருந்தது. அதன் அடிப்பகுதி ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டு பழமையானது. 16ஆம் நூற்றாண்டில் அதன் உச்சியில் கனமான மணிமாடம் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். 1989 மார்ச் 17ஆம் தேதி காலை அது இடிந்து விழுந்தது. நால்வர் இறந்தனர். அன்று நிலநடுக்கமும் இல்லை, புயலும் இல்லை.

காரணம் சுவருக்குள் இருந்தது. இரு மெல்லிய செங்கல் தோல்கள். நடுவே உடைகல்லும் சாந்தும். நாம் மேலே படித்த அதே அமைப்பு. நீண்ட காலம் பெருஞ்சுமையைத் தாங்கும் சாந்தும் கல்லும் மிக மெதுவாக உருமாறிக்கொண்டே இருக்கும். நுண்ணிய விரிசல்கள் வளரும். ஒரு கட்டத்தில் திடீரென உடையும். அந்த விபத்துக்குப் பிறகு ஆய்வாளர்கள் பழைய சுவர்களின் இந்த மெதுவான உருமாற்றத்தைத் தீவிரமாக ஆராயத் தொடங்கினார்கள்.

பாவியா விபத்து பைசா கோபுரத்தையும் காப்பாற்றியது எனலாம். 1173இல் தொடங்கிய சாய்ந்த கோபுரமும் ரோமானெஸ்க் கட்டடம்தான். வட்ட வளைவுகளின் வரிசையே அதன் அழகு. அதன் சாய்வுக்குக் காரணம் அடியிலுள்ள மென்மையான மண். ஆனால் நிபுணர்கள் அஞ்சியது சாய்வை மட்டுமல்ல. அதன் சுவரும் வெளியே பளிங்கு, உள்ளே உடைகல் நிரப்பு என்ற அமைப்புதான். சாய்ந்த பக்கத்தில் அமுக்கம் கூடிக்கொண்டிருந்தது. 1990இல் அதைப் பொதுமக்களுக்கு மூடினார்கள். பிறகு சாய்வுக்கு எதிர்ப்பக்கமான வடக்குப் பக்கத்தின் அடியிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்தார்கள். கோபுரம் மெல்ல நிமிர்ந்து, உச்சி சுமார் 45 சென்டிமீட்டர் பின்னால் வந்தது. 2001இல் மீண்டும் திறந்தார்கள்.

செய்து பார்ப்போம்

தேவையானவை: ஒரு மணிலா அட்டை, ஒரே அளவுள்ள சில நூல்கள், சில நாணயங்கள்.

1. அட்டையை அரைவட்டமாக வளைத்து மேசைமேல் நிறுத்துங்கள். அதன் இரு கால்களையும் ஒட்டி, இருபுறமும் ஒரு மெல்லிய நூலைப் படுக்க வையுங்கள்.
2. வளைவின் உச்சியில் நாணயங்களை ஒவ்வொன்றாக வையுங்கள். எந்த நாணயத்தின்போது நூல்கள் விலகுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.
3. இருபுறமும் இன்னொரு நூலை மேலே அடுக்கிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.
4. பிறகு அட்டையைத் தட்டையாகவும், அடுத்து உயரமாகவும் வளைத்து எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.

சிந்தியுங்கள்

1. துர்னூஸ் தேவாலயத்தில் வரிசையின் கடைசியிலுள்ள பீப்பாயின் தள்ளலை எது தாங்க வேண்டும்?
2. பீப்பாய் வளைகூரையின் உயரத்தில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு இரும்புக் கம்பி ஒன்றைக் கட்டினால், அந்தக் கம்பியில் செயல்படுவது அமுக்கமா, இழுவிசையா?
3. ரோமானெஸ்க் கட்டுநர்களிடம் எஃகு கலந்த கான்கிரீட் இருந்திருந்தால் அவர்களின் சன்னல்கள் எப்படி இருந்திருக்கும்? படம் வரைந்து உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.